வெர்தோன் பள்ளத்தாக்குக்குக் கார் இல்லாமல் போனவள் சொல்வது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 294 யூரோ, வேலையில் இரண்டு நாள் கூடுதல் லீவு, இடது கால் கட்டைவிரல் நகம் ஒன்று. ஜூன் மாதத்தில் ஐந்து நாள் ஊர்சுற்றப் போய் நான் தொலைத்துவிட்டு வந்தது இவ்வளவும். அடிபடவில்லை, திருட்டுப் போகவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. எல்லாம் நானே தேடிக்கொண்டது. போவதற்கு முன்னால் யாராவது தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் இதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும் என்று கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது தோன்றியது. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் லியோனில் வேலை பார்க்கிறேன். கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. பிரான்சில் பெரிய ஊர்களில் இருக்கும்வரை இது ஒரு குறையாகவே தெரியாது, ரயில், மெட்ரோ, டிராம் என்று எல்லாம் நேரத்துக்கு வரும். அந்தப் பழக்கத்தில்தான் தெற்கே வெர்தோன் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 700 மீட்டர் ஆழம், கீழே பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் ஆறு. படத்தைப் பார்த்த நிமிஷமே மனசு போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் லா பாலூ-சுர்-வெர்தோன் என்று சில நூறு பேர் வாழும் ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு ஜீத்தில், அதாவது நடைபயணிகள் தங்கும் பொது அறை விடுதியில், ஒரு படுக்கைக்கு இரவுக்கு 41 யூரோ என்று பதிவு செய்தேன்.

முதல் தப்பு அங்கேயே. ரயிலில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரம் வரைக்கும், அங்கிருந்து பேருந்தில் மூஸ்தியே-சாந்த்-மரீ வரைக்கும் போய்ச் சேர வழி இருந்தது. மூஸ்தியேவிலிருந்து லா பாலூ 20 கிலோமீட்டர்தான். 20 கிலோமீட்டர்தானே, ஏதாவது கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன். நம்ம ஊரில் 20 கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, மினி பஸ், தெரிந்தவர் பைக், எதுவும் இல்லாவிட்டால் ஒரு பால் வண்டியாவது வரும். இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றும் வராது. ஒன்றும் என்றால் ஒன்றுமே.

மூஸ்தியேவில் இறங்கியபோது மணி இரண்டேகால். நல்ல பசி. சதுக்கத்தைச் சுற்றி எத்தனையோ உணவகங்கள், ஆட்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் கடையில் சமையலறை மூடியாயிற்று என்றார்கள், இரண்டாவதிலும் அதே. பிரான்சில் ஊர்ப்பக்கம் மதியச் சாப்பாடு என்பது பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, அவ்வளவுதான். ஒன்றே முக்காலுக்குப் போனாலே முகம் சுளிப்பார்கள். லியோனில் மூன்று வருஷம் இருந்தும் இது எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் அங்கே எந்நேரமும் ஏதாவது கெபாப் கடை திறந்திருக்கும். ஐஸ்கிரீம் இரண்டு உருண்டை வாங்கித் தின்றேன். அன்றைய மதியச் சாப்பாடு அதுதான். பையில் எப்போதும் ஒரு வேளைக்கு ஏதாவது வைத்திருங்கள்.

ஊர் என்னவோ அழகுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சங்கிலியைக் கட்டி அதில் ஒரு நட்சத்திரத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிலுவைப் போருக்குப் போய்ச் சிறைப்பட்ட ஒரு வீரர் உயிரோடு ஊர் திரும்பியதற்கு நேர்ந்துகொண்டு கட்டியது என்று கதை. நேர்த்திக்கடன் என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டாம். அந்தச் சங்கிலிக்குக் கீழே நோத்ர்-தாம்-த-போவுவார் என்ற மாதா கோயிலுக்கு 262 படிகள். பெட்டியோடு ஏறினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் ஓட்டுக் கூரைகள், அதற்கு அப்பால் சேன்ட்-குருவா ஏரி. 1970களில் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. சால்-சுர்-வெர்தோன் என்ற கிராமம் அதற்குள் மூழ்கி, அதே பெயரில் மேட்டில் புதிதாகக் கட்டப்பட்டது. மூஸ்தியேவுக்குப் பெயர் வாங்கித் தந்தது வெள்ளைப் பூச்சுப் போட்டுக் கையால் படம் வரையும் பீங்கான் தட்டுகள். விலையைப் பார்த்துவிட்டு மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பிறகு டாக்ஸி. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பிரான்சில் ஞாயிறு, விடுமுறை, இரவு நேரங்களுக்குக் கட்டணம் வேறு. அது போக, உங்களை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்ப வேண்டிய இடமாக இருந்தால் கிலோமீட்டர் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாக ஓடும். சட்டப்படியே அப்படித்தான். ஊர்ப்பக்கத்தில் எல்லா ஓட்டமும் காலியாகத் திரும்பும் ஓட்டம்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். 20 கிலோமீட்டருக்கு 78 யூரோ கொடுத்தேன். ஓட்டுநர் நல்ல மனுஷர், மீட்டரைக் காட்டித்தான் வாங்கினார். இரண்டு இரவு வாடகை அது.

மறுநாள் திங்கள் நன்றாகவே போனது. அதுதான் பிரச்சினையே, அந்த ஒரு நாள் எனக்குக் கண்டபடி தைரியத்தைக் கொடுத்துவிட்டது. லா பாலூவிலிருந்து கிளம்பி அங்கேயே வந்து முடியும் 23 கிலோமீட்டர் மலைச் சாலை ஒன்று இருக்கிறது, ரூத் தே கிரெத் என்பார்கள். அதில் கொஞ்ச தூரம் மட்டும் நடந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. பாறை ஏறுகிறவர்கள் இங்கே மேலே காரை நிறுத்திவிட்டு முதலில் கயிற்றில் கீழே இறங்கி, அப்புறம்தான் மேலே ஏறி வருகிறார்கள். நான் நின்ற இடத்துக்கு நேர் கீழேயிருந்து திடீரென்று வெள்ளைப் பொடி அப்பிய ஒரு கை வந்து விளிம்பைப் பிடித்தது. பின்னாலேயே ஒரு ஹெல்மெட். அந்தப் பெண் மேலே வந்து, எனக்கு ஒரு போன்ஜூர் சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். தலைக்கு மேலே கழுகுகள் சுற்றின. பிணந்தின்னிக் கழுகுகள்தான், இங்கே அடியோடு அற்றுப்போயிருந்தவை, ரூகோன் கிராமத்துப் பக்கம் 1999இலிருந்து மறுபடி கொண்டுவந்து விட்டு வளர்த்திருக்கிறார்கள். சிறகை அசைக்காமலேயே நமக்குக் கீழே பறந்து போகும். கழுகின் முதுகை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருந்தது மார்த்தெல் பாதை. இப்போது பிளான்-மார்த்தெல் பாதை என்கிறார்கள். எதுவார்-அல்ஃப்ரெத் மார்த்தெல் என்ற குகை ஆராய்ச்சியாளர் 1905 ஆகஸ்ட்டில் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தபோது கூடப் போனவர்களில் ரூகோன் பள்ளிக்கூட வாத்தியார் இசிதோர் பிளானும் ஒருவர். நூறு வருஷம் கழித்தாவது வாத்தியார் பெயரையும் சேர்த்தார்களே. பாதை 1930 வாக்கில் போடப்பட்டது. லா மாலீன் மலைக்குடிலில் தொடங்கி, ஆற்றுக்கு இறங்கி, ஆற்றோடு ஏறி இறங்கிப் போய், புவான் சுப்லீம் என்ற இடத்தில் முடியும். 14, 15 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்புங்கள். 15 கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் நடந்துவிட மாட்டோமா என்று நான் மனக்கணக்குப் போட்டேன், அது தார்ச்சாலைக் கணக்கு.

இந்தப் பாதையில் முக்கியமான விஷயம், இது வட்டப் பாதை இல்லை. தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு. லா பாலூ கிராமத்திலிருந்து லா மாலீன் ஒரு பக்கம் எட்டு கிலோமீட்டர், புவான் சுப்லீம் இன்னொரு பக்கம் அதே அளவு தூரம். அதனால் நாவெத் என்று ஒரு சின்னப் பேருந்து இவற்றை இணைத்து ஓடுகிறது. காலையில் அதில் போய், மாலையில் அதிலேயே திரும்பலாம் என்பதுதான் என் திட்டம். வாரக்கடைசிக் கூட்டத்தைத் தவிர்க்கிறேன் என்று கெட்டிக்காரத்தனமாகச் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன் பாருங்கள், அதில்தான் மாட்டினேன். கால அட்டவணையின் முதல் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், தினமும் என்று போட்டிருந்தது. அது ஜூலை ஆகஸ்ட்டுக்கு. அடியில் பொடி எழுத்தில் வசந்த காலத்தில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் மட்டும் என்று இருந்ததை நான் விரித்துப் பார்க்கவே இல்லை.

எட்டே காலுக்கு நிறுத்தத்தில் போய் நின்றேன். எட்டரை. ஒரு பூனை வந்து போனது. ஒன்பது ஆனதும் ரொட்டிக்கடையில் போய்க் கேட்டேன். அந்த அம்மா என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, விரலை அந்த வரியின் மேல் வைத்துக் காட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த வெட்கத்தில் வேண்டாத ஒரு குரவாசான் ரொட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்போதே விட்டிருக்கலாம். அடுத்த நாள் யாராவது காரில் போகிறவர்களோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். கிராமத்து நடுவில் இருக்கும் கோட்டையில் வெர்தோன் பள்ளத்தாக்குத் தகவல் நிலையமே இருக்கிறது, திங்கட்கிழமை அதைத் தாண்டி இரண்டு தடவை போனேன், உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு பிடிவாதம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பர்வதமலையில் கடப்பாரைப் படி ஏறினவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று. சாலையிலேயே நடக்க ஆரம்பித்தேன். ஐந்து கிலோமீட்டர் நடந்த பிறகு ஒரு டச்சுக்காரத் தம்பதியின் கேம்பர் வேன் நிறுத்தி ஏற்றிக்கொண்டது. லா மாலீன் போய்ச் சேர்ந்தபோது மணி 10:50. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரை லிட்டர் ஏற்கெனவே காலி. மலைக்குடிலில் கேட்டிருந்தால் நிரப்பிக் கொடுத்திருப்பார்கள். நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். இந்தப் பாதை முழுக்கக் குடிக்கிற தண்ணீர் கிடைக்காது, ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. தலைக்கு இரண்டு லிட்டர் குறைந்தபட்சம், வெயில் நாளில் மூன்று.

இறக்கத்தில் இன்னொரு பாடம். நீண்ட தூரப் பாதைகளுக்கு இங்கே பாறையிலும் மரத்திலும் வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே சிவப்புப் பட்டை என்று அடையாளம் போட்டிருப்பார்கள், இந்தப் பாதை ஜீ.ஆர். 4 என்ற நீண்ட தூரப் பாதையில் வருகிறது. உள்ளூர்ப் பாதைகளுக்கு மஞ்சள். இது எனக்குத் தெரியும். தெரியாதது, அதே வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போட்டிருந்தால் இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். நான் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஆகா இதோ அடையாளம் என்று வலது பக்கம் திரும்பி எஸ்தெலியே தொங்கு பாலத்துக்கு இறங்கிவிட்டேன். பாலம் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போகிறது. எதிர்க்கரை வேறு மாவட்டம், வார். பாலத்தில் நின்று படமெல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் ஏறத் தொடங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது. திரும்பி ஏறி வந்ததில் நாற்பது நிமிஷம் போயிற்று. பிரான்ஸ் அரசு நிறுவனமான ஐ.ஜி.என். போடும் வரைபடங்களில் இந்தப் பகுதிக்குத் தனித் தாள் இருக்கிறது, 3442 ஓ.டி. என்ற எண். காகிதமாக வாங்குங்கள், அல்லது வீட்டிலிருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சிக்னல் கிடையாது. எனக்கு லா மாலீனில் போன கோடுகள் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பி வந்தன, அதாவது போன் உயிரோடு இருந்திருந்தால் வந்திருக்கும்.

மெஸ்க்லா என்ற இடத்துக்குப் பாதையிலிருந்து ஒரு கிளை இறங்குகிறது, ஆர்த்யூபி ஆறு வெர்தோனோடு சேரும் இடம். நேரமாகிவிட்டது, போகக்கூடாது. போனேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆறு ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைகிறது, மூன்று பக்கமும் சுவர் மாதிரி மலை, வானம் ஒரு துண்டு. செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டேன், எலும்புவரை குளிர்ந்தது. பாட்டிலைப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லில் வைத்துவிட்டு ரொட்டியைத் தின்றேன். இறங்கி வரும் வழியில் மஞ்சள் பலகை ஒன்று பார்த்திருந்தேன், தண்ணீரிலிருந்து ஒரு ஆள் ஓடுகிற படம். மேலே காஸ்தியோன், ஷோதான் என்று இரண்டு அணைகள் இருக்கின்றன, வெயில் அடிக்கும் நாளில்கூட எச்சரிக்கை இல்லாமல் நீர்மட்டம் ஏறலாம் என்பதுதான் அந்தப் பலகையின் செய்தி. படித்தேன், தலையாட்டினேன், மறந்தேன். ரொட்டி முடிந்து திரும்பிப் பார்த்தால் கல் ஈரமாக இருந்தது. கல்லின் மேல் இரண்டு விரல்கடைத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போனது. பாட்டில் இல்லை. பத்தடி தூரத்தில் நட்டமாக நின்றபடி சுழன்றுகொண்டே போய், பாறை வளைவில் மறைந்தது. எட்டிப் பிடிக்கக் காலை எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன், அந்த ஒரு நொடிப் புத்திக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் அந்த ஆற்றை இறங்கிக் கடக்காதீர்கள், குறுக்கு வழி என்று யார் சொன்னாலும்.

மணி மூன்று. தண்ணீர் இல்லை. பாதி வழி. திரும்பிப் போனால் செங்குத்து ஏற்றம், முன்னால் போனால் என்ன இருக்கிறதென்று தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், அங்கே உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் காலையில் குரூப்போடு போகிறேன் என்று பொய் சொல்லியிருந்தேன். ஜீத் நடத்துகிற அம்மாவிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் மறுநாள் காலை படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் யாராவது யோசிப்பார்கள். தனியாகப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள், ஒரு துண்டுச் சீட்டில் பாதையின் பெயர், திரும்பும் நேரம், இத்தனை மணிக்குள் வராவிட்டால் 112க்கு அழையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முன்னால் இருந்தது ப்ரெஷ் எம்பேர். ஏறிப் போய், பாறை இடுக்கு வழியாக இரும்புப் படிகளில் இறங்க வேண்டும், மொத்தம் 252 படிகள். கைப்பிடி இருக்கிறது. ஆனால் படிகள் அவ்வளவு செங்குத்து, சில இடத்தில் முகத்தைப் படியின் பக்கம் திருப்பிக்கொண்டு ஏணியில் இறங்குவது போலத்தான் இறங்கினேன். பர்வதமலையில் ஏறும்போது முன்னும் பின்னும் அரோகரா சொல்லிக்கொண்டு ஐம்பது பேர் இருந்தார்கள், பயப்பட நேரமே இல்லை. இங்கே என் மூச்சுச் சத்தம் மட்டும். பாதிக்கு மேல் முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள், சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்தப் பாதையை விட்டுவிடலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கீழே எதிரே வந்த ஒரு குடும்பம் என் உதட்டைப் பார்த்துவிட்டே அரை லிட்டர் தண்ணீரைக் கொடுத்தது. அந்த அப்பா கேட்ட ஒரே கேள்வி, நெற்றி விளக்கு இருக்கிறதா என்று. போன் இருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மனைவியைப் பார்த்தார்.

ஏன் கேட்டார் என்பது பாவு சுரங்கத்தின் வாயில் தெரிந்தது. பாதியில் கைவிட்ட ஒரு நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கங்கள் இவை, பாதை அவற்றின் வழியாகத்தான் போகிறது. பாவு ஏறக்குறைய 670 மீட்டர். போனில் 9 சதவீதம். நாள் முழுக்கப் படம் எடுத்ததும், இல்லாத சிக்னலைப் போன் தேடிக்கொண்டே இருந்ததும் மீதியைத் தின்றுவிட்டன. விளக்கைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தேன், தரை ஈரம், ஆங்காங்கே குட்டை. வழியில் ஆற்றைப் பார்த்தபடி திறப்பு வருகிறது, அங்கே வெளிச்சத்தைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை, மறுபடி உள்ளே போகிறது. அதற்கப்புறம் எவ்வளவு தூரத்தில் என்று தெரியாது, போன் ஒரு தடவை அதிர்ந்து அணைந்தது.

அந்த இருட்டை நான் முன்னால் அனுபவித்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் தரையில் தேய்த்துத் தேய்த்து எடுத்து வைத்தேன். சுவர் சில்லென்று, சொரசொரப்பாக, சில இடத்தில் கொழகொழவென்று இருந்தது. தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அடிகளை எண்ண ஆரம்பித்தேன். 130 சொச்சத்தில் ஒரு கல்லில் இடித்தேன், நகம் போனது அங்கேதான். 412இல் பின்னாலிருந்து பேச்சுக் குரல் கேட்டது, சுவரில் வெளிச்சம் ஆடியது. இரண்டு ஜெர்மன் பையன்கள், தலையில் விளக்கோடு. என்னைப் பார்த்து அவர்கள்தான் அலறினார்கள். ஒருவன் தன் விளக்கைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டான். வெளியே வந்த பிறகு த்ரெஸ்கயீர் என்று இன்னொரு சுரங்கம், நூறு மீட்டர் சொச்சம், அது வந்ததும் போனதும் தெரியவில்லை. நெற்றி விளக்கு பதினைந்து இருபது யூரோவுக்குக் கிடைக்கும். போன் விளக்கு நெற்றி விளக்கு ஆகாது.

கூலுவார் சாம்சோன் வாகன நிறுத்தத்தில் அவர்கள் காரை எடுத்துக்கொண்டு காஸ்தெலான் பக்கம் போக வேண்டும் என்றார்கள், நானும் பெரிய மனுஷி மாதிரி, எனக்கு வண்டி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வெட்கம்தான், வேறென்ன. பாதை அங்கே முடிந்துவிட்டது என்றும் நினைத்திருந்தேன். முடியவில்லை, அங்கிருந்து புவான் சுப்லீம் வரை மறுபடி ஏற்றம், செத்த காலுக்கு அது அரை மணி நேரம். மேலே வந்தபோது 8:10. ஜூன் என்பதால் வெளிச்சம் இருந்தது. போன் செத்துவிட்டது, ஒரு எண்ணும் மனப்பாடமாகத் தெரியாது. பக்கத்தில் ஒரு விடுதியில் கேட்டு போனை சார்ஜில் போட்டு, டாக்ஸி தேடி, நாலாவது ஆள்தான் வர ஒத்துக்கொண்டார். எட்டு கிலோமீட்டர் பயணத்துக்கு 85 யூரோ, ஏனென்றால் அவர் கிளம்பின இடத்திலிருந்து கணக்கு ஓடும், இரவுக் கட்டணம் வேறு. முக்கியமான இரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதிப் பையில் போட்டிருந்தால் ஜீத் அம்மாவே வந்திருப்பார், பின்னால் அவரே சொன்னார்.

மீதிக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். புதன்கிழமை கால் தரையில் ஊன்றவில்லை. ஏரியிலிருந்து பள்ளத்தாக்குக்குள் துடுப்புப் போடப் பணம் கட்டி வைத்திருந்த படகு, 32 யூரோ போச்சு. முந்தின நாள் மாலைக்குள் சொன்னால்தான் பணம் திரும்பும், நான் அப்போது சுரங்கத்தில் இருந்தேன். ஒரு இரவு கூடுதல், 41. மலிவாக வாங்கிய மாற்ற முடியாத ரயில் சீட்டுக்குப் பதிலாகப் புதுச் சீட்டு, 58. இந்த மாதிரி இடத்துக்கு வரும்போது சீட்டு கொஞ்சம் விலை கூடினாலும் மாற்றக்கூடியதாக எடுங்கள். இன்னொன்று, ஜூலை ஆகஸ்ட்டில் வருவதாக இருந்தால் நாவெத் தினமும் ஓடும், ஆனால் தென் பிரான்சில் அப்போது காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்துக் காட்டுப் பகுதிகளை மூடுவார்கள். வார் பக்கத்து நடைகளுக்கு முந்தின நாள் மாலையில் மாவட்ட நிர்வாகம் வெளியிடும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மதியத்துக்கு மேல் இடி மழை வரும் என்று வானிலை சொன்னால் பள்ளத்தாக்குக்குள் இறங்கவே வேண்டாம்.

வியாழக்கிழமை காலை ஜீத் வாசலில் காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா நாவெத் கால அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுவந்து, பொடி எழுத்து வரியின் அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டினார். ஆங்கிலத்திலும் எழுதிவிடு என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். எழுதினேன். கீழே இடம் மிச்சம் இருந்தது, யாராவது வந்தாலும் வரலாம் என்று தமிழிலும் ஒரு வரி எழுதி வைத்தேன்: ஜூலை வரைக்கும் சனி ஞாயிறு, லீவு நாள் மட்டும்தான் வண்டி, டார்ச் எடுத்துக்கிட்டுப் போங்க.